மல்லாட்டை தாம்பரத்தில் இறங்கியதும்

சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதுகிறார்: "எனக்கு விழுப்புரம் பக்கம்; மல்லாட்டை என்போம். கணவருக்குத் திருநெல்வேலி, நிலக்கடலை என்பார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகன் எங்கள் இருவரையும் கேலி செய்துவிட்டு வேர்க்கடலை என்கிறான். எது சரி? பேசுகிற சொல்லை வைத்தே சொந்த ஊரைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும் என்கிறார்களே, எங்கள் வீட்டுக்கு அது எந்த ஊரைச் சொல்லும்?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இந்தப் பேச்சு பெரிதாகக் கிளம்பியது அமெரிக்காவில். 2013 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 25 கேள்விகளை இணையத்தில் போட்டது. குளிர்பானத்தை என்னவென்று சொல்வீர்கள்? வடகிழக்கில் சோடா, நடுமேற்கில் பாப். தெற்கே பல இடங்களில் எந்தக் கம்பெனி பாட்டிலும் கோக்தான். நம் கிராமங்களில் எல்லாமே 'கலர்' ஆனதுபோல. பதில்களைக் கூட்டி, வரைபடத்தில் சிவப்புத் தீட்டி, உங்கள் ஊர் இதுதான் என்றது. ஜனம் வாய்பிளந்தது. உள்ளே மந்திரம் எதுவும் இல்லை. பர்ட் வோக்ஸ் என்ற மொழியியலாளர் ஹார்வர்டில் இருந்தபோது தொடங்கிய கணக்கெடுப்பும், பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரேமாதிரி பேசுவார்கள் என்ற எளிய புள்ளியியலும்தான். பிறந்த ஊரிலேயே வளர்ந்தவரிடம் இது பலிக்கும். சேலையூர் வீட்டில் விழிபிதுங்கும்.

ஏன் என்று தெரிய மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் ஒரு மாலை காய்கறி வாங்கினால் போதும். நான் வாங்கினேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கேட்டார்:

"சீனியவரக்கா இருக்காண்ணே?"

"கொத்தவரங்காயாம்மா?"

"ஆமா, அதான். கால் கிலோ போடுங்க."

அவ்வளவுதான் உரையாடல். கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, திருத்தவுமில்லை. அந்த 'யாம்மா' மட்டும்தான். ஆனால் அடுத்த வாரம் அதே அம்மாள் கொத்தவரங்காய் என்றே கேட்பார் என்று பந்தயம் கட்டுவேன். கேட்ட பொருள் சீக்கிரம் கிடைக்க வேண்டும், 'வெளியூரா?' என்ற பார்வையும் வேண்டாம். ஹோவர்ட் கைல்ஸ் என்ற உளவியலாளர் 1970களிலேயே இந்த வளைந்துகொடுத்தலை ஆராயத் தொடங்கிவிட்டார். வளைவது ஒரு பக்கம் மட்டுமல்ல. அதே கடைக்காரர், மஞ்சள் பூசணியைத் தொட்டுப் பார்த்த இன்னொருவரிடம் "அரசாணிக்காயா சார்?" என்றார், வந்தவரின் பேச்சிலேயே கோவையைப் பிடித்துவிட்டார் போலும். கடைக்காரர் வாயில் இயல்பாக வருவது பரங்கிக்காய். (பீர்க்கங்காய்க்கு மட்டும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் பெயர் ஒன்றுதான். பக்கத்து ஊர்ப் பீர்க்கன்காரணைக்காரர்களுக்கு நிம்மதி.)

தென்மாவட்டத்துக்காரர்கள் ரயிலைவிட்டு இறங்கி மூட்டையோடு தங்கிப்போன ஊர் தாம்பரம். 2021-இல் மாநகராட்சியானது, தெற்கே போகும் பேருந்துகளுக்காகக் கிளாம்பாக்கம் நிலையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஒரே அடுக்குமாடியில் துடைப்பம், விளக்குமாறு, சீமாறு, வாரியல் நான்கும் நான்கு கதவுக்குப் பின்னால் சாத்தியிருக்கும். வரைபடத்தில் மொழியியலாளர்கள் போடும் எல்லைக்கோடு இங்கே மாடிப்படியில் ஏறி இறங்குகிறது.

பெரியவர்கள் வளைகிறார்கள், சரி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் நிமிர்ந்துவிடுகிறார்கள். நிரந்தரமாக மாற்றுவது குழந்தைகள்தான். இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் என்று ஒரு புதுநகரம், 1967-இல் அறிவிக்கப்பட்டது, பல ஊர்க்காரர்கள் வந்து குடியேறியது. பால் கெர்ஸ்வில், ஆன் வில்லியம்ஸ் இருவரும் அங்கே 4, 8, 12 வயதுக் குழந்தைகள் 48 பேரின் உச்சரிப்பைப் பதிவு செய்தார்கள். நான்கு வயதுக் குழந்தைகளின் பேச்சு பெரும்பாலும் அம்மாவின் பேச்சு. மூத்த குழந்தைகளோ வீட்டைக் கைவிட்டு, ஒருவரைப்போல் ஒருவர் பேசினார்கள்.

ஆர்.ஏ.சி. டிக்கெட்டில் போனவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒரே சைடு லோயர் பெர்த், இரண்டு பேர். குழந்தையின் தலைக்குள் 'கடலை' என்ற பெர்த்தில் அம்மாவின் மல்லாட்டையும் அப்பாவின் நிலக்கடலையும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து வருகின்றன. பள்ளிக்கூடம் என்ற ஸ்டேஷனில் வேர்க்கடலை ஏறுகிறது, கையில் கன்ஃபர்ம் டிக்கெட்டோடு. டி.டி.இ. யார்? பக்கத்து பெஞ்சுப் பையன். 'மல்லாட்டையா, அப்படின்னா?' என்று அவன் ஒருமுறை சிரித்தால் தீர்ந்தது. அந்தப் பையன் வீட்டிலும் வேறு ஏதோ சொல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஊர்ச் சொல்லுக்கும் வகுப்பில் இரண்டு மூன்று ஓட்டு என்றால், பொட்டலத்திலும் கடைப்பலகையிலும் இருக்கிற சென்னைச் சொல்லுக்கு மீதி எல்லாம். மல்லாட்டை வண்டியைவிட்டு இறங்குவதில்லை. கதவோரம் துண்டு விரித்துப் படுத்துக்கொள்கிறது. பொங்கலுக்கு வண்டி விழுப்புரம் போனால் எழுந்து வந்து பெர்த்தில் ஜம்மென்று உட்காரும். (கம்பளி யாருக்கு என்று கேட்காதீர்கள். உவமை அதுவரை நீளாது.)

எல்லாச் சொல்லும் இப்படித் தோற்பதில்லை. கடலை ஊருக்கெல்லாம் பொது, பாட்டி அப்படியல்ல. 'எங்க ஆச்சி' என்று நெல்லைக் குழந்தை சொன்னால் யாருக்கும் குழப்பமில்லை, ஆச்சிக்குப் போட்டியும் இல்லை. அப்பத்தா, அம்மாயி, அப்பாயி எல்லாரும் தாம்பரத்தில் தழைக்கலாம். மாட்டிக்கொள்வது ஆயா. வடமாவட்டத்துக் குழந்தைக்கு அது பாட்டி. பள்ளிக்கூடத்தில் அது வகுப்பைப் பெருக்க வருகிற அம்மாள். அந்தக் குழந்தை முதல் வருடத்திலேயே 'பாட்டி'க்கு மாறிவிடும் என்பது என் கணிப்பு. இன்னொரு வகைச் சாவும் உண்டு, போட்டியே இல்லாமல். நெல்லை வீட்டின் முன்கூடமான தார்சாவை எந்தச் சொல்லும் தோற்கடிக்கவில்லை. இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் தார்சா கிடையாது, அவ்வளவுதான்.

வரலாறு இல்லாமல் கட்டுரையை முடித்தால் ஆசிரியர் விடமாட்டார் என்பதால்: 1876-இல் ஜெர்மனியில் கியார்க் வெங்கர் பள்ளி ஆசிரியர்களுக்கு வாக்கியங்களை அனுப்பி, 'உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதி அனுப்புங்கள்' என்றார். பிரான்சில் எட்மோன் என்பவர் சைக்கிளில் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதினார். இந்தியாவை அளந்த கிரியர்சனின் மாபெரும் மொழிக் கணக்கெடுப்பு சென்னை மாகாணத்தை விட்டுவிட்டது. அந்தக் குறையைத் தீர்க்கக் கிளம்பியவர்கள் நம் எழுத்தாளர்கள்தான்: கரிசலுக்குக் கி. ராஜநாராயணன் 1982-இல் அகராதி போட்டார். பிறகு கொங்குக்குப் பெருமாள்முருகன், நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன்.

இப்போது வாசகியின் முதல் கேள்வி. மல்லாட்டையைக் கொச்சை என்று மகன் சிரித்தால் அவனிடம் சொல்லுங்கள்: அது கப்பலேறி வந்த பெயர். தென் அமெரிக்கச் செடி. நம்மூரில் பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரால் மணிலாக்கொட்டை. விழுப்புரம் பக்கத்துச் சந்தை நிலவரத்தில் இன்னமும் 'மணிலா' என்றே அச்சாகிறது. வேகமாகச் சொல்லிப் பாருங்கள். நடுவிலிருக்கும் இகரம் விழும், ண்-ணும் ல்-லும் மோதும், ல் ஜெயிக்கும். மல்லாக்கொட்டை. பிறகு நடு உடம்பும் தேய்ந்து மல்லாட்டை. உங்கள் கணவர் சிரிக்க முடியாது: திருநெல்வேலி தின்னேலி ஆனதும் இதே வழியில்தான். யாழ்ப்பாணத்தார் உங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

மொழியியல் யாருக்கும் மதிப்பெண் போடாது. தாவரவியல் போடும். இந்தச் செடி தரைக்கு மேலே மஞ்சளாகப் பூக்கிறது. மகரந்தம் சேர்ந்ததும் பூவின் அடியிலிருந்து விழுது ஒன்று நீண்டு மண்ணுக்குள் இறங்கி, அதன் நுனியில் காய் பிடிக்கிறது. உங்கள் கணவர் தேறிவிட்டார். வேரில் ஒன்றுமே காய்ப்பதில்லை என்பதை மகனிடம் பதமாகச் சொல்லுங்கள்.