ஜப்பானில் உதவி மொழி ஆசிரியர் வாழ்க்கை

ஜப்பானின் பள்ளிகளில் ஆங்கிலம் முதலிய மொழிகளைக் கற்பிக்க, அந்நாட்டு ஆசிரியருக்குத் துணையாக வெளிநாட்டிலிருந்து அமர்த்தப்படுபவர் உதவி மொழி ஆசிரியர் எனப்படுகிறார். ஆங்கில எழுத்துச் சுருக்கமான ஏ.எல்.டி. என்ற பெயரே பள்ளிகளில் வழங்குகிறது. இவர்களில் பலர் டோக்கியோ, ஒசாகா போன்ற பெருநகரங்களுக்குச் செல்வதில்லை. மீன்பிடி ஊர்களுக்கும் மலையோரச் சிற்றூர்களுக்கும் அனுப்பப்படுகின்றனர். ஊரிலேயே இவர் ஒருவர்தான் வெளிநாட்டவர் என்ற நிலையும் உண்டு.

இத்தகைய ஊரில் குடியேறுவது வீடும் வங்கிக் கணக்கும் கிடைத்தவுடன் முடிந்துவிடுவதில்லை. குப்பை வைக்கும் இடம், பேருந்து வரும் நேரம், வெள்ளம் வந்தால் ஏற வேண்டிய மேடு ஆகியவற்றை ஊருக்குள் நடந்தே அறிந்துகொள்ள வேண்டியுள்ளது. எனவே இவ்வாசிரியர்களுக்கு ஊரைச் சுற்றிப் பார்ப்பது பொழுதுபோக்கு மட்டுமன்று, குடியேற்றத்தின் ஒரு பகுதியும் ஆகும்.

வரலாறு

மெய்ஜி காலத்தில் (1868–1912) ஜப்பானிய அரசு பொறியியல், மருத்துவம், சட்டம், மொழி ஆகியவற்றைக் கற்பிக்க வெளிநாட்டு வல்லுநர்களை ஊதியத்துக்கு அமர்த்தியது. அவர்கள் 'ஒயாதொய் கைகொகுஜின்' எனப்பட்டனர். அமெரிக்கரான வில்லியம் கிளார்க் 1876-ல் சப்போரோ வேளாண்மைக் கல்லூரிக்கு வந்து சுமார் எட்டு மாதங்களே பணியாற்றினார். எனினும் அந்நகரில் அவர் பெயர் இன்றும் நினைவில் உள்ளது.

இவ்வகை ஆசிரியர்களில் மிகவும் அறியப்பட்டவர் லாஃப்காடியோ ஹெர்ன் (1850–1904). கிரேக்கத் தீவொன்றில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் இதழாளராக இருந்த இவர் 1890 ஆகஸ்டில் ஷிமானே மாகாணத்தின் மட்சுவே நகருக்கு ஆங்கில ஆசிரியராக வந்தார். நடுநிலைப் பள்ளியிலும் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் கற்பித்தார். உடன் பணியாற்றிய நிஷிதா சென்தாரோ அவருக்கு வழிகாட்டியாகவும் நண்பராகவும் இருந்தார். சாமுராய் குடும்பத்தைச் சேர்ந்த கொய்சுமி செட்சுவை ஹெர்ன் மணந்தார். ஜப்பானிய மொழியைச் சரளமாகப் படிக்க அவர் கற்கவில்லை. செட்சு வாய்மொழியாகச் சொன்ன கதைகள் வழியாகவும், கோயில்களுக்கும் கடற்கரை ஊர்களுக்கும் மேற்கொண்ட பயணங்கள் வழியாகவுமே அந்நாட்டை அறிந்தார்.

மட்சுவேயில் அவர் வாழ்ந்தது சுமார் ஒன்றேகால் ஆண்டுதான். குளிர் தாங்காத நிலையில் 1891 நவம்பரில் தெற்கேயுள்ள குமாமோட்டோவுக்கு மாறினார். ஆனால் 1894-ல் வெளிவந்த அவருடைய முதல் ஜப்பானிய நூலின் பெரும்பகுதி மட்சுவேயையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியது. அதில் ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பாக அமைந்த ஒரு பகுதியும் உண்டு. 1896-ல் ஜப்பானியக் குடியுரிமை பெற்று கொய்சுமி யாகுமோ என்று பெயர் மாற்றிக்கொண்டார். மட்சுவே கோட்டை அருகே அவர் குடியிருந்த சாமுராய் வீடு இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

ஜெட் திட்டம்

இன்றைய முறை 1987-ல் தொடங்கிய ஜெட் திட்டத்தால் உருவானது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த 848 பேர் முதல் ஆண்டில் வந்தனர். பின்னர் பங்கேற்கும் நாடுகள் பெருகின. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரும் அவற்றில் ஒன்று. 2023-ல் 5,000-க்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தில் பணியில் இருந்தனர். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் உதவி மொழி ஆசிரியர்கள். நகராட்சிகள் நேரடியாகவும், தனியார் நிறுவனங்கள் வழியாகவும் அமர்த்தும் ஆசிரியர்கள் வேறு.

ஜெட் திட்டத்துக்கு ஏதேனும் ஒரு துறையில் இளநிலைப் பட்டம் போதும். ஆசிரியர் பயிற்சிச் சான்று கட்டாயமில்லை. ஒப்பந்தம் ஓராண்டுக்குரியது, அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள் வரை புதுப்பிக்கலாம். விண்ணப்பிப்பவர் விருப்ப இடத்தைக் குறிப்பிடலாம் என்றாலும் அது கிடைப்பது உறுதியில்லை. ஒருவருக்கு ஒரே பள்ளி, மற்றொருவருக்குப் பத்துப் பள்ளிகள். ஒருவருக்கு நகர அடுக்ககம், மற்றொருவருக்குத் தீவில் ஒரு பழைய மரவீடு. 'ஒவ்வொருவர் நிலையும் வேறு' என்பது இவர்களிடையே பழமொழிபோல் வழங்குகிறது.

முதல் வாரங்கள்

ஜெட் ஆசிரியர்களில் பெரும்பாலோர் ஜூலை இறுதியிலோ ஆகஸ்டிலோ வருகின்றனர். ஜப்பானியப் பள்ளியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால், அவர்கள் வரும்போது பள்ளிகள் கோடை விடுமுறையில் இருக்கும். ஊரை அறிய இந்த இடைவெளி உதவுகிறது.

பெரிய விமான நிலையங்களில் இறங்கும்போதே குடியிருப்பு அட்டை வழங்கப்படுகிறது. முகவரி உறுதியான 14 நாட்களுக்குள் உள்ளூர் நகராட்சி அலுவலகத்தில் அதைப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகே வங்கிக் கணக்கு, கைபேசி இணைப்பு முதலியவை எளிதாகின்றன. கையொப்பத்துக்குப் பதிலாகப் பெயர் பொறித்த சிறு முத்திரையைப் பயன்படுத்தும் வழக்கம் குறைந்துவந்தாலும் இன்னும் மறையவில்லை.

வாடகை வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கும் முன்பணத்தோடு, வீட்டு உரிமையாளருக்குத் திரும்பப் பெற முடியாத 'நன்றிப் பணமும்' கேட்கப்படலாம். பிணை நிற்க ஒருவரும் தேவை. புதிதாக வரும் வெளிநாட்டவருக்கு இது கடினம் என்பதால், ஊரின் கல்வி வாரியமே பல இடங்களில் வீட்டை ஏற்பாடு செய்கிறது. பழைய வீடுகளில் வீடு முழுவதையும் சூடாக்கும் வசதி இருப்பதில்லை. மண்ணெண்ணெய்க் கணப்பும், கீழே சூடேற்றியும் மேலே மெத்தைப் போர்வையும் கொண்ட 'கொதாட்சு' என்னும் தாழ்ந்த மேசையுமே குளிர்காலத் துணை. கடுங்குளிர்ப் பகுதிகளில் இரவில் குழாய் நீரை வடித்துவிடாவிட்டால் அது உறைந்து குழாய் வெடிக்கும்.

குப்பையும் அண்டை வீடும்

புதியவரை அண்டை வீட்டார் முதலில் மதிப்பிடுவது பெரும்பாலும் குப்பையைக் கொண்டுதான். எரியக்கூடியது, எரியாதது, பிளாஸ்டிக், குடிநீர்ப் புட்டி, காகிதம் எனப் பிரித்து, ஒவ்வொன்றையும் அதற்குரிய நாளில் காலையிலேயே குறித்த இடத்தில் வைக்க வேண்டும். பல ஊர்களில் நகராட்சி குறிப்பிடும் பைகளையே பயன்படுத்த வேண்டும். தவறாகப் பிரித்த பை, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டப்பட்டு அங்கேயே விடப்படும். தொகுஷிமா மாகாணத்தின் கமிகட்சு என்ற சிற்றூர் 2003-ல் 'குப்பையில்லா ஊர்' என்ற இலக்கை அறிவித்தது. அங்கே குப்பை 40-க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிக்கப்படுகிறது. மக்களே அதைச் சேகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்கின்றனர்.

குடியேறியவுடன் துண்டு, இனிப்பு போன்ற சிறு பரிசுடன் அண்டை வீடுகளுக்குச் சென்று அறிமுகம் செய்துகொள்வது பழைய வழக்கம். எதிரில் மூன்று வீடுகள், இருபுறமும் ஒவ்வொரு வீடு என்பது அதன் எல்லை. ஊர்ச் சங்கத்தின் அறிவிப்புகள் ஓர் அட்டையில் செருகப்பட்டு வீடுவீடாகக் கைமாறும். படித்ததும் முத்திரையிட்டு அடுத்த வீட்டில் சேர்க்க வேண்டும். எழுத்துப் புரியாதவருக்கும் அதைக் கொண்டுகொடுக்கும் அந்த ஒரு நிமிடம் பேச்சுக்கு வழிவகுக்கிறது.

பள்ளி

வகுப்பின் பொறுப்பு ஜப்பானிய ஆசிரியருடையது; உதவி ஆசிரியர் உச்சரிப்பு, உரையாடல், விளையாட்டுகள் ஆகியவற்றை நடத்துகிறார். 2020 முதல் தொடக்கப் பள்ளியின் 5, 6-ஆம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடமாகியுள்ளது. எனவே தொடக்கப் பள்ளிகளிலும் இவர்களுக்குப் பணி கூடியுள்ளது. ஜப்பானிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வரும். வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் வரும். ஆங்கிலத்திலுள்ள சுட்டிடைச் சொற்கள் இல்லை. ஆதலால் ஜப்பானிய மாணவர் ஆங்கிலத்தில் செய்யும் தவறுகள் பல தமிழ் மாணவருக்கும் பழகியவையே.

பாடத்துக்கு வெளியே கற்கவேண்டியவை மிகுதி. வாசலில் காலணியை மாற்ற வேண்டும். தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவை மாணவர்களே பரிமாற, ஆசிரியரும் வகுப்பறையில் அதையே உண்கிறார். குழம்புகளிலும் சூப்புகளிலும் மீன்சாறு கலப்பது வழக்கம் என்பதால், சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவிட்டு வீட்டிலிருந்து உணவு கொண்டுசெல்வது நல்லது. நாள்தோறும் மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பள்ளியைத் துடைத்துப் பெருக்குகின்றனர். மொழி தெரியாத புதிய ஆசிரியர் மாணவர்களுடன் இயல்பாகப் பழகத் தொடங்குவது பெரும்பாலும் வகுப்பில் அன்று, இந்தத் துடைப்ப வேளையில்தான்.

ஊரைச் சுற்றுதல்

முதல் ஊர்தி பெரும்பாலும் மிதிவண்டி. அதையும் திருட்டுத் தடுப்புப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பேருந்து அரிதான மலைப்பகுதிகளில் கார் தேவைப்படுகிறது. மஞ்சள் எண்பலகையும் 660 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட 'கேய்' வகைச் சிறு கார் குறுகிய சாலைகளுக்கு ஏற்றது. 1949-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்பட்ட பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி அதிகபட்சம் ஓராண்டே செல்லும். அதற்குள் ஜப்பானிய உரிமம் பெற வேண்டும்.

சுற்றுலா நூல்களில் இல்லாத இடங்களே இவர்களுக்கு மிகுதியாக வாய்க்கின்றன. 1993-ல் தொடங்கிய 'மிச்சி நோ எகி' என்னும் சாலையோர நிலையங்கள் இன்று 1,200-க்கு மேல் உள்ளன. அந்தந்த ஊரின் காய்கறியும் பண்டமும் அங்கே கிடைக்கும். வெந்நீரூற்றுக் குளியலகங்களில் உடலை நன்கு கழுவிய பிறகே தொட்டியில் இறங்க வேண்டும். பச்சை குத்தியவர்களைப் பல இடங்களில் அனுமதிப்பதில்லை.

ஷிகொக்கு தீவின் தொகுஷிமா மாகாணத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். ஆகஸ்ட் நடுவில் அங்கே 'அவா ஒதோரி' நடனத் திருவிழா நடைபெறும். வந்து சில நாட்களே ஆன ஆசிரியரும் அதை முதல் மாதத்திலேயே காணலாம். தீவைச் சுற்றி 88 பௌத்தக் கோயில்களை இணைக்கும் சுமார் 1,200 கி.மீ. யாத்திரைப் பாதையின் முதல் 23 கோயில்கள் இம்மாகாணத்துக்குரியவை. முழுவதையும் நடக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதால், விடுமுறை நாட்களில் பகுதி பகுதியாக நடக்கலாம். வழியில் யாத்திரிகருக்குப் பழமோ தேநீரோ தருவது உள்ளூர் மக்களின் அறம். இயா பள்ளத்தாக்கில் கொடிகளால் பின்னிய 45 மீட்டர் நீளப் பாலம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அது புதிதாகப் பின்னப்படுகிறது.

அதே பள்ளத்தாக்கிலுள்ள நகோரோ சிற்றூரில் மனிதர்களைவிட ஆளுயரப் பொம்மைகள் அதிகம். இறந்தவர்களையும் ஊரைவிட்டுச் சென்றவர்களையும் நினைத்து அவை செய்யப்பட்டன. அவ்வூரின் பள்ளி 2012-ல் மூடப்பட்டது. இன்று அதன் வகுப்பறையில் பொம்மைகளே மாணவர்களாக அமர்ந்துள்ளன. பிறப்பு குறைந்ததால் ஜப்பானில் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான பள்ளிகள் மூடப்படுகின்றன. சிற்றூருக்குச் செல்லும் ஆசிரியர், ஒற்றை இலக்க மாணவர்களைக் கொண்ட வகுப்பையும், அப்பள்ளியின் கடைசி ஆண்டையும் காண நேரலாம்.

பயணம் சென்று திரும்பும்போது தனித்தனியே உறையிட்ட இனிப்புப் பெட்டி ஒன்றை வாங்கிவந்து ஆசிரியர் அறையில் ஒவ்வொரு மேசையிலும் ஒன்று வைப்பது வழக்கம். எங்கே போனீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்க, அவர்களுக்குத் தெரிந்த இடங்களும் பேச்சில் வெளிவரும்.

பேரிடரும் ஊர் அறிவும்

2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பானில் ஏற்பட்ட 9.0 அளவு நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் 18,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமல் போயினர். அவர்களுள் ஜெட் ஆசிரியர்களான இரண்டு அமெரிக்கர்களும் அடங்குவர்: இஷினோமாகி நகரின் டெய்லர் ஆண்டர்சன், ரிகுசென்தகதா நகரின் மாண்ட்கோமரி டிக்சன். ஆண்டர்சனின் பெற்றோர் ஏற்படுத்திய நிதியத்தின் மூலம் இஷினோமாகிப் பள்ளிகளில் அவர் பெயரால் நூல் அலமாரிகள் அமைக்கப்பட்டன.

ஒவ்வொரு நகராட்சியும் வெள்ளம், மண்சரிவு, ஆழிப்பேரலை அபாயப் பகுதிகளைக் காட்டும் வரைபடம் வெளியிடுகிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தும், பணிபுரியும் ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் உயர்ந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து பார்ப்பது பயன்தரும். மின்சாரமும் கைபேசியும் நின்ற நேரத்தில் கால் பழகிய வழியே உதவும். பல ஊர்களில் மாலை 5 மணிக்கு ஒலிபெருக்கியில் ஒலிக்கும் இசை, பேரிடர் அறிவிப்புக் கருவிகள் வேலை செய்கின்றனவா என்று நாள்தோறும் சோதிக்கும் ஏற்பாடும் ஆகும். முன்னோர் நட்ட வெள்ள, அலை நினைவுக் கற்கள் சாலையோரங்களிலும் கோயில் முற்றங்களிலும் உள்ளன. 2019 முதல் இவற்றுக்கென அரசு நிலப்படங்களில் தனிக் குறியீடு சேர்க்கப்பட்டுள்ளது.

பணி மாற்றம்

ஒப்பந்தம் முடியும் ஆசிரியர் தமக்குப் பின் வருபவருக்கு வீட்டுப் பொருள்களையும், சில வேளைகளில் காரையும் விட்டுச்செல்கிறார். அவற்றுடன் ஒரு குறிப்பேடும் கைமாறுவதுண்டு. குப்பை நாட்கள், மாணவர் பட்டியல், கணப்புக்கு மண்ணெண்ணெய் வாங்கும் கடை, ஆங்கிலம் சிறிது பேசும் மருத்துவர், மேட்டுக்கு ஏறும் வழி ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். அடுத்தவர் தாம் கண்டறிந்ததை அதில் சேர்க்கிறார்.