பேனா எடுத்தால் எழுத்து மறக்கிறது!

சீனாவில் படித்தவர்களுக்கு ஒரு விசித்திரத் தொல்லை வந்திருக்கிறது. புத்தகத்தைக் கொடுத்தால் கடகடவென்று படிக்கிறார்கள். பேனாவைக் கொடுத்தால் திகைக்கிறார்கள்!

இதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "டீ பீ வாங் ட்ஸு." பேனாவைத் தூக்கினால் எழுத்து மறந்துபோகிறது என்று அர்த்தம்.

நமக்கு "அ, ஆ" இருப்பதுபோல் அவர்களுக்குக் கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் ஒரு தனி வடிவம். பத்திரிகை படிக்கவே சுமார் 3 ஆயிரம் எழுத்துக்கள் தெரிய வேண்டும்!

3 கோட்டில் குதிரை

1949-ல் அங்கே 100-க்குச் சுமார் 80 பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதற்கு முன்பே, "இந்த எழுத்தை ஒழித்தால்தான் நாடு முன்னேறும்" என்று வாதாடியவர்கள் உண்டு. 1936-ல் மறைந்த பெரும் எழுத்தாளர் லூ சுன் அவர்களில் ஒருவர்.

அரசாங்கம் ஒழிக்கவில்லை, சுருக்கியது. 1956-ல் திட்டம் வந்தது. குதிரையைக் குறிக்கும் எழுத்துக்கு முன்பு 10 கோடு. இப்போது 3 கோடுதான்!

1958-ல் "பின்யின்" வந்தது. சீன உச்சரிப்பை இங்கிலீஷ் எழுத்தில் எழுதும் முறை இது. இதை வகுத்தவர்களில் முக்கியமானவர் சௌ யூகுவாங். 111 வயது வரை வாழ்ந்து, 2017-ல் காலமானார்.

செல்போன் செய்த வேலை

குழந்தைகள் படிக்க உதவியாக வந்த பின்யின், இன்று செல்போனில் புகுந்துவிட்டது.

"மா" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினால் போதும். அம்மா, குதிரை, சணல் என்று அந்த ஓசையுள்ள சீன எழுத்துக்கள் வரிசையாக வந்து நிற்கும். வேண்டியதைத் தொட வேண்டும். அவ்வளவுதான்!

பழைய சீன டைப்ரைட்டரில் ஆயிரக்கணக்கான அச்சுக்கள் இருந்தன. பழகியவர்தான் அதைத் தொடலாம். இன்று யாரும் தட்டலாம். சீன எழுத்தைப் பிழைக்க வைத்ததே அந்த அந்நிய எழுத்துத்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால், கண்ணுக்குத் தெரிந்த எழுத்து கைக்கு மறந்துவிட்டது!

தேரை செய்த கூத்து

2013-ல் சீன டெலிவிஷனில் மாணவர்களுக்கு எழுத்துப் போட்டி நடந்தது. ஒரு சொல் "தேரை." ஊரெல்லாம் பேசும் சாதாரணச் சொல்தான். பெரியவர்களையும் எழுதச் சொன்னார்கள். 100-க்கு 30 பேரே சரியாக எழுதினார்கள்!

அதற்கு முன்பே, 2011-ல், கல்வி அமைச்சகம் விழித்துக்கொண்டது. 3-ம் வகுப்பு முதல் 6-ம் வகுப்பு வரை வாரம் ஒரு பாடவேளை தூரிகை பிடித்து எழுதப் பழக்க வேண்டும் என்றது.

பின்யின் பழகாத முதியவர்கள் பலர் செல்போன் கண்ணாடிமேல் விரலாலேயே எழுதுகிறார்கள். கோடு கோடாக, முழு எழுத்தையும்! பக்கத்தில் பேரன் அதற்குள் நாலு வரி தட்டி அனுப்பிவிடுகிறான்.