கொடிநாள் நிதி யாருக்கு?

ஒவ்வோராண்டும் டிசம்பர்த் திங்கள் 7ஆம் நாள் பள்ளிகளில் சிறு கொடிகள் வழங்கப்படுகின்றன. அவற்றிலுள்ள சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் ஆகிய நிறங்கள் முறையே தரைப்படை, கடற்படை, வான்படை ஆகியவற்றைக் குறிக்கும். கொடியைப் பெறுவோர் தம்மால் இயன்ற தொகையை உண்டியலில் இடுவர். 1949ஆம் ஆண்டுமுதல் இந்நாள் படைவீரர் கொடிநாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

இடுக்கி மாவட்டத்தில் ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த ஊர் சக்குபள்ளம். தோட்டவேலைக்காக மலையேறி வந்து தங்கிய தமிழ்க் குடும்பங்கள் இப்பகுதியில் வாழ்கின்றன. இங்குப் பயிலும் சிறுமி ஒருத்தி உண்டியலில் இடும் பத்து ரூபாய் யாரைச் சென்றடைகிறது? அதனைப் பெறும் தகுதி யாருக்கு உண்டு? இவ்வினாக்களுக்கான விடையை அறியாமையால், தகுதியிருந்தும் உதவி கேளாத குடும்பங்கள் உண்டாகின்றன.

உரிமையும் உதவியும்

ஓய்வூதியம் படைவீரர் தம் பணியால் ஈட்டிய உரிமை. படைவீரர் நிலையில் பணியாற்றுவோர் அதனைப் பெறப் பொதுவாகப் பதினைந்து ஆண்டுப் பணி வேண்டும். அக்காலம் நிறையுமுன் விடுவிக்கப்பட்டோர் பலர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஓய்வூதியமின்றி வீடு திரும்பியோரும் அத்தகையோரே. ஓய்வூதியம் எட்டாத இடத்தில் கைகொடுப்பதே கொடிநாள் நிதி. தனித்தனியே இருந்த நலநிதிகள் 1993இல் இந்நிதியில் ஒன்றாக இணைக்கப்பட்டன. மத்தியப் படைவீரர் வாரியம் இதனை நிருவகிக்கிறது.

முதல் வினா: எப்படையில் பணியாற்றினார்?

முன்னாள் படைவீரர் என்னும் பெயர் முப்படைகளில் பணியாற்றியோர்க்கே உரியது. எல்லைப் பாதுகாப்புப் படை, மத்திய சேமக் காவல் படை ஆகியவை உள்துறை அமைச்சகத்தின்கீழ் இயங்குபவை. அப்படையினர்க்கு அவ்வமைச்சகத்தின் தனித் திட்டங்கள் உள்ளன. சீருடை ஒத்திருப்பதால் மட்டும் ஒருவர் இந்நிதிக்கு உரியவர் ஆகார்.

இரண்டாம் வினா: எவ்வாறு விலகினார்?

ஓய்வூதியத்துடன் விலகியவர், பணியினால் நேர்ந்த உடற்குறை காரணமாக விடுவிக்கப்பட்டவர், ஆட்குறைப்பினால் பணிக்கொடை பெற்று வெளியேறியவர் ஆகியோர் முன்னாள் படைவீரர் ஆவர். ஓய்வூதியத் தகுதி பெறுமுன் தம் விருப்பின்பேரில் விலகியவரும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவரும் பொதுவாக இவ்வகையில் அடங்கார். ஆகவே, படையிலிருந்து பெற்ற விடுவிப்புப் புத்தகம் இன்றியமையாத சான்றாகும்.

மூன்றாம் வினா: குடும்பத்தின் தேவை யாது?

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். சிப்பாயாகப் பன்னிரண்டு ஆண்டு பணியாற்றிய ஒருவர் ஆட்குறைப்பினால் விடுவிக்கப்பட்டார். பின்னர் ஏலத்தோட்டத்தில் உழைத்து முதுமையடைந்தார். அவர்க்கு 65 வயது கடந்துவிட்டது. ஓய்வூதியமும் இல்லை, நிலையான வருவாயும் இல்லை. இத்தகையவர் வறுமைநிலை உதவிக்குத் தகுதியுடையவர். அவர் மறைந்தால், அதே நிலையிலுள்ள அவர்தம் மனைவியும் தகுதியுடையவரே. ஹவில்தார் நிலைவரை பணியாற்றியோர்க்கு இவ்வுதவி உரியது. திங்கள்தோறும் 4,000 ரூபாயாக இருந்த இத்தொகை, 2025 நவம்பர் 1 முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

அவர்தம் அண்டை வீட்டார் பதினேழு ஆண்டு பணியாற்றி ஓய்வூதியம் பெறுபவர் எனக் கொள்வோம். அவர்க்கு வறுமைநிலை உதவி இல்லை. ஆயினும், அவர் ஹவில்தார் நிலைக்கு மேற்படாதவராயின், அவர்தம் பிள்ளைகள் இருவர்க்குக் கல்வி உதவி உண்டு. முதல் வகுப்புமுதல் பட்டப்படிப்புவரை பயிலும் ஒவ்வொருவர்க்கும் இத்தொகை திங்களுக்கு 2,000 ரூபாய். இரண்டு மகள்களின் திருமணத்திற்கும், கைம்பெண் மறுமணத்திற்கும் ஓர் இலட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. ஒரே தெருவில் வாழும் இரு வீரர்க்கும் தகுதி வெவ்வேறாவது இதனால்தான்.

போரில் இழந்தோர் குடும்பம்

2016 பிப்ரவரி 3ஆம் நாள் சியாச்சின் பனிமலையில் ஏற்பட்ட பனிச்சரிவில் மதராசு படைப்பிரிவின் பத்து வீரர்கள் புதையுண்டனர். ஆறு நாளுக்குப்பின் உயிருடன் மீட்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் பிப்ரவரி 11ஆம் நாள் உயிர்நீத்தார். அப்பதின்மரில் ஒருவர், சக்குபள்ளத்து மலைக்குக் கீழேயுள்ள தேனி மாவட்டத்தைச் சேர்ந்தவர். இந்நிகழ்வையடுத்து மக்கள் பலர் பொருளுதவி செய்ய முன்வந்தனர். அதன் விளைவாக 2017இல் போரிழப்பு நலநிதி தனியே அமைக்கப்பட்டது. போர் நடவடிக்கையில் உயிரிழந்தோரின் நெருங்கிய உறவினரும், கடும் உடற்குறையுற்றுப் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டோரும் அதனைப் பெறுவர்.

புலம்பெயர்ந்தோர் செய்ய வேண்டுவன

மாவட்ட அளவில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் உள்ளது. விண்ணப்பங்களை ஆய்ந்து பரிந்துரைப்பது அதன் கடமை. தமிழ்நாட்டில் பதிவுசெய்தபின் கேரளத்தில் குடியேறியவர், தம் பதிவை எங்குத் தொடர்வது என அவ்வலுவலகத்தில் கேட்டறிதல் வேண்டும். மனைவி மக்களின் பெயர்கள் படையின் பதிவேட்டில் இடம்பெற்றிருத்தலும் வேண்டும். படை ஆவணத்தில் ஒருவகையாகவும், குடும்ப அட்டையில் வேறுவகையாகவும் பெயர் எழுதப்பட்டிருப்பின் காலத்தாழ்வு நேரும். தாய்மொழி ஒன்று, ஊரின் மொழி மற்றொன்று என வாழும் குடும்பங்களில் இவ்வேறுபாடு எளிதில் நேரக்கூடியது. எழுதப் படிக்கத் தெரிந்த பேரப்பிள்ளைகள் ஆவணங்களை ஒப்புநோக்கி முதியோர்க்கு உதவலாம்.

இவ்வுதவியைக் கேட்பது இரத்தல் அன்று. நாட்டுக்காகத் தம் இளமையைத் தந்தவர்க்கு மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பொருள் அது. கேட்போர் கேட்டால்தான் அது உரியவர் கையைச் சேரும்.

சொல்லும் பொருளும்

பணிக்கொடை – பணியிலிருந்து விலகும்போது ஒருமுறை வழங்கப்படும் தொகை
இரத்தல் – பிச்சை கேட்டல்
கைம்பெண் – கணவனை இழந்தவள்
காலத்தாழ்வு – தாமதம்

பயிற்சி

1. கொடிநாள் கொடியின் மூன்று நிறங்கள் எவற்றைக் குறிக்கின்றன?
2. ஓய்வூதியத்திற்கும் கொடிநாள் நிதி உதவிக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.
3. பதினேழு ஆண்டு பணியாற்றிய ஹவில்தார் ஒருவர்க்கு மூன்று பிள்ளைகள் பள்ளியில் பயில்கின்றனர். எத்தனை பேர்க்குக் கல்வி உதவி கிடைக்கும்? ஏன்?
4. உங்கள் ஊரில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைக் கண்டு, அவர்தம் பணிக்காலம் பற்றி வினவிப் பத்து வரிகளில் எழுதுக.