ரோட்டாரில் படியும் சுண்ணாம்பு

பவளத் தொட்டி வைத்திருக்கும் இருவர் சந்தித்தால் முதலில் விசாரித்துக்கொள்வது கால்சியம் எவ்வளவு, கேஹெச் எவ்வளவு என்றுதான். கேஹெச் என்பது தண்ணீரின் காரத்தன்மை. பவளம் எலும்பு கட்டத் தேவையான கார்பனேட் எவ்வளவு கையிருப்பில் இருக்கிறது என்ற கணக்கு. மக்னீசியத்தை யாரும் நலம் விசாரிப்பதில்லை. கேட்டால், "அது அதுபாட்டுக்கு இருக்கும்" என்பார்கள். சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தொட்டி வைத்திருக்கும் நான் சொல்வது வேறு. அந்த இரண்டும் ஆட்டம் காட்டினால் மக்னீசியத்தைப் பாருங்கள்.

கால்சியக் கரைசலை ஊற்றுகிறோம், அளவு ஏறவில்லை. கேஹெச்சுக்காக ஆப்ப சோடா கரைத்து ஊற்றுகிறோம். மறுநாளே பழையபடி இறங்கிவிடுகிறது. பவளமும் அப்படியொன்றும் வளர்ந்த மாதிரி தெரியவில்லை. ஊற்றியதெல்லாம் எங்கே போனது? பம்பைக் கழற்றி ரோட்டாரை வெளியே இழுத்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். வழுவழுவென்று இருக்க வேண்டிய காந்தத் தண்டின்மேல் வெள்ளையாக, சொரசொரவென்று ஒரு பூச்சு. நகத்தால் சுரண்டினால் வராது. வினிகரில் போட்டால் குமிழ்விட்டுக் கரையும். காசு கொடுத்து வாங்கியதெல்லாம் பவளத்துக்குப் போகாமல் பம்பில் சுண்ணாம்பாய் உட்கார்ந்திருக்கிறது.

கடலிலும் இதுதான் நடந்திருக்க வேண்டும். வெப்பமண்டலக் கடலின் மேல்நீரில் கால்சியமும் கார்பனேட்டும், கரைந்திருக்கக்கூடிய அளவைப் பல மடங்கு தாண்டியே இருக்கின்றன. ஆனாலும் அவை தாமாகச் சுண்ணாம்பாய்ப் படிவதில்லை. அதைத் தடுப்பதில் பெரும்பங்கு மக்னீசியத்துக்கு. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 1,285 மில்லிகிராம் இருக்கிறது. எடையில் கால்சியத்தைப்போல் மூன்று மடங்கு. சுண்ணாம்புப் படிகம் முளைவிடும்போதே மக்னீசியம் அதன்மேல் கால்சியத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கால்சியத்தைவிட அது சிறியது. கொத்தனார் வரிசைக்கு நடுவே அளவு பொருந்தாத செங்கல்லை வைத்துவிட்டால் அடுத்த வரி சரியாக உட்காராதல்லவா, அந்தக் கதைதான். படிகம் மேலே வளராமல் நின்றுவிடும். பவளமோ தன் தசைக்கும் எலும்புக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடுக்கில் காரத்தை ஏற்றிக்கொண்டு, அரகோனைட் என்ற வேறு வகைப் படிகமாகக் கட்டுகிறது. மக்னீசியத்தின் தொல்லை அந்தப் படிகத்துக்கு மிகக் குறைவு.

இதில் எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. இன்றைய கடலில் ஒரு கால்சியத்துக்கு ஐந்துக்குச் சற்று மேல் மக்னீசியம் என்பது அயனிக் கணக்கு. டைனோசர்கள் திரிந்த கிரெட்டேசியஸ் காலக் கடலில் அது கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஒன்றாக இருந்தது. ஜஸ்டின் ரைஸும் சகாக்களும் அந்தப் பழங்கடல் நீரைச் செயற்கையாகக் கலந்து, இன்றைய பவளங்களை அதில் வளர்த்து 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பவளங்கள் மெதுவாகவே வளர்ந்தன. எலும்பில் ஒரு பகுதி அரகோனைட்டுக்குப் பதில் கால்சைட்டாக அமைந்தது. வீட்டுத் தொட்டி அந்த அளவுக்கு இறங்காது, பயப்பட வேண்டாம்.

தொட்டியில் மக்னீசியம் லிட்டருக்கு 1,250 முதல் 1,350 மில்லிகிராம் வரை இருந்தால் போதும். சோதனைக் கருவியில் சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட, சிவப்பு நீலமாக மாறும். எந்தச் சொட்டில் மாறியது என்பதில் வீட்டில் ஒருமித்த கருத்து வந்ததே இல்லை! எண் குறைவாக வந்தால் உடனே மக்னீசியம் வாங்க ஓடாதீர்கள். முதலில் உப்பளவைப் பாருங்கள். கிலோ நீருக்கு 35 கிராம் இருக்க வேண்டிய உப்பு 31க்கு இறங்கியிருந்தால் மக்னீசியமும் 1,140 அருகில்தான் காட்டும். அதற்கு மருந்து உப்புதான்.

உப்பு சரியாக இருந்தும் குறைந்தால், 100 லிட்டரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஏற்ற 10 கிராம் மக்னீசியம் வேண்டும். மக்னீசியம் குளோரைடு படிகமாக வாங்கினால் சுமார் 84 கிராம். மீதி எடையெல்லாம் குளோரினும் நீரும். எப்சம் உப்பு, அதாவது நம் பேதி உப்பு, என்றால் சுமார் 100 கிராம். அதை மட்டுமே ஊற்றிக்கொண்டிருந்தால் சல்பேட் சேர்ந்துபோகும். அதனால் குளோரைடே பெரும்பங்காக இருக்கட்டும். நல்ல தண்ணீரில் கரைத்து, ஒரே மூச்சில் கொட்டாமல் சில நாட்களில் பிரித்து ஊற்றுங்கள். 1,400ஐத் தொட்டுவிட்டதே என்று பதறவும் வேண்டாம்; தண்ணீர் மாற்ற மாற்ற இறங்கிவிடும். பவளம் எடுத்துக்கொள்வது சொற்பம் என்பதால் மாதம் ஒருமுறை அளந்தால் போதும். அடிக்கடி பார்க்க வேண்டியது கேஹெச்சைத்தான்.