மே மாதச் சம்பளம்

போன வருடம் மே மாதம் மகளை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் அம்மா வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து, அவளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அந்த மாதம் வேலை செய்த நாட்களை மட்டும் கணக்குப் போட்டுச் சம்பளம் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு போனார். வீட்டு வாடகைக்காகக் காதுத் தோட்டை அடகு வைத்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. "நீங்க ஊருக்குப் போனா அந்த மூணு வாரத்துக்கு மட்டும் என்னைய வேற யாருக்கா சேத்துக்குவாங்க?" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை.

சென்னையில் எங்கள் குடியிருப்பில் மட்டும் இப்படிப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் வருகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வருகிறவருக்கு 36 வயது. பகல் ஒன்றரை மணிக்கு வந்து, பள்ளி வேனிலிருந்து மகளை இறக்கி, சோறு ஊட்டி, தூங்கவைத்து, சாயங்காலம் பார்க்குக்குக் கூட்டிப்போய், நான் வீடு திரும்பும் ஆறு மணிவரை இருப்பார். மாதம் 9,000 ரூபாய். வேலை அரை நாள்தான். ஆனால் வாடகையும் அரிசியும் அவருக்கு முழு மாதத்துக்கும் வேண்டும். அவருக்கு என்னென்ன சலுகை தருவது என்று யோசிக்க உட்கார்ந்தபோது நான் தொடங்கியது இந்த இடத்தில்தான்.

சட்டம் கொஞ்சம் துணைக்கு வருகிறது. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர்களுக்கு 2007-லேயே தனி நலவாரியம் அமைந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, திருமண உதவி, பேறுகால உதவி, விபத்து நிவாரணம், 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் எல்லாம் உண்டு. 2018-ல் மணிக்கு 37 ரூபாயிலிருந்து தொடங்கும் குறைந்தபட்சக் கூலியையும் அரசு நிர்ணயித்தது. ஆனால் சம்பளத்தோடு எத்தனை நாள் விடுப்பு, எவ்வளவு போனஸ் என்று ஒரு குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லும் சட்டம் கிடையாது. வீட்டுப் பணியாளர்களுக்கெனத் தனிச் சட்டம் கொண்டுவருவதை ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்குச் சொன்னது. அந்தச் சட்டம் வரும்வரை முடிவு நம் கையில்தான்.

முதல் முடிவு சம்பளப் பிடித்தம் பற்றியது. நாம் ஊருக்குப் போனாலும், பாட்டி தாத்தா வந்து தங்கினாலும், பள்ளி விடுமுறை என்று நாமே வரவேண்டாம் என்றாலும் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூடக் குறையக் கூடாது. நம் வசதிக்காக அவர் சும்மா இருக்கும் நாள் அவருடைய லீவிலும் சேராது. தீபாவளிப் புடவையும் இனிப்புப் பெட்டியும் எத்தனை தாராளமாகக் கொடுத்தாலும் அந்த மூன்று வாரக் கூலிக்கு ஈடாகாது. இதை எழுதும்போது எனக்கே உறைக்கிறது. அந்த மே மாதத்துக்கு முந்தைய தீபாவளிக்கு நானும் புடவைதான் கொடுத்திருந்தேன்.

அடுத்து லீவு. ஞாயிறு போக, மாதம் ஒரு நாள் அவர் இஷ்டப்படி எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தோம். காய்ச்சல், தலைவலி இதில் சேராது. குழந்தையைத் தூக்கி வளர்ப்பவருக்கு அந்த வீட்டுக் குழந்தையிடமிருந்துதான் சளியும் காய்ச்சலும் தொற்றுகின்றன. எங்கள் வீட்டில் பிடித்த காய்ச்சலுக்கு அவர் சம்பளத்தில் கை வைப்பது எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

பகுதி நேரமாக வேலை செய்பவர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போகிறவர்கள். போனஸை அந்த வீட்டில் கொடுப்பார்கள் என்று இந்த வீடும், இங்கே கொடுப்பார்கள் என்று அந்த வீடும் விட்டுவிட, கடைசியில் யாரும் கொடுப்பதில்லை. மற்ற வீட்டைப் பார்க்காமல், நாம் கொடுக்கும் சம்பளத்தில் ஒரு மாதத்தைப் போனஸாகக் கொடுத்துவிட்டால் இந்தக் குழப்பமே இல்லை. நிறுவனங்களுக்குச் சட்டம் வகுத்த குறைந்தபட்ச போனஸும் ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம்தான்.

பணத்தைப் பெரிதாகக் கேட்காத சில ஏற்பாடுகளும் உண்டு. பிரதமரின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் 18 முதல் 40 வயதுக்குள் சேரலாம். 36 வயதில் சேர்பவர் மாதம் 160 ரூபாய் கட்டினால் மத்திய அரசும் 160 ரூபாய் போடும். 60 வயதுக்குப் பின் மாதம் 3,000 ரூபாய் ஓய்வூதியம் வரும். வேலை கொடுப்பவரே அந்தத் தொகையைக் கட்டவும் 2022 முதல் வழி இருக்கிறது. வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, 436 ரூபாயில் 2 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு. மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2,376 ரூபாய். மகளின் கடைசிப் பிறந்தநாளுக்குக் கேக்கும் பலூனும் இதைவிட அதிகம் ஆயின.

நான் அதிக நேரம் யோசித்தது இந்த வேலையின் முடிவைப் பற்றி. சமையல் செய்பவரின் வேலை பசி உள்ளவரை இருக்கும். பிள்ளை பார்ப்பவருக்கு அப்படியில்லை. அவர் நன்றாக வளர்க்க வளர்க்க, அவர் தேவைப்படாத நாள் நெருங்கி வருகிறது. என் மகளுக்கு ஐந்து வயது. இன்னும் மூன்று நான்கு ஆண்டில் அவளே சாவியை வாங்கிக் கதவைத் திறந்துகொள்வாள். அன்று இவர் வெறுங்கையோடு போகக் கூடாது. நிறுவனங்களில் பணிக்கொடை கணக்கிடுவது போல மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினேன். 9,000 ரூபாய்ச் சம்பளத்துக்கு ஆண்டுக்கு 5,192 ரூபாய் வந்தது. கடைசியில் மொத்தமாகப் புரட்ட முடியாமல் போனால் என்ன செய்வது? அதனால் மாதம் 440 ரூபாய் கட்டுகிற தபால் ஆர்.டி. ஒன்றை அவர் பெயரிலேயே தொடங்கிவிட்டோம். வேலையை நிறுத்துவதானால் இரண்டு மாதம் முன்னதாகச் சொல்வது என்றும் முடிவு செய்தோம்.

அவருக்கும் ஒரு மகன் இருக்கிறான், நான்காம் வகுப்பு. பள்ளி விடுமுறையில் அவனைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்துதான் என் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். இதை நான் இரண்டு ஆண்டுகள் கேட்டுக்கூடத் தெரிந்துகொள்ளவில்லை. இப்போது விடுமுறை நாட்களில் அவனும் வருகிறான். மூவருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே மாதிரித் தட்டு.

எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவரிடம் படித்துக் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர் போனஸ் வரியில் நிறுத்தினார். "தீபாவளிக்கி வேணாம்க்கா. ஜூன்ல குடுங்க. ஸ்கூல் தொறக்கறப்போ பீஸு, நோட்டு, ஷூன்னு எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்."

தீபாவளி என்பதை அடித்துவிட்டு ஜூன் என்று எழுதினேன்.