20 டிகிரியில் பயணிக்கும் சோறு

ஜப்பானில் ஒனிகிரி என்றொரு முக்கோணச் சோற்றுருண்டை உண்டு. உள்ளே மீனோ உப்பில் ஊறிய ஊமே பழமோ இருக்கும். மேலே கருகருவென்று ஒரு கடற்பாசித் தாள் சுற்றியிருக்கும். கடையில் வாங்கும் உருண்டையைக் கவனித்துப் பார்த்தால், சோறும் பாசித் தாளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பது தெரியும். இரண்டுக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம். உறையைப் பிரித்து இழுத்தால் படலம் உருவிக்கொண்டு வந்துவிடும். சாப்பிடப் போகும் அந்த நொடியில்தான் தாள் சோற்றில் ஒட்டும். அதனால் காலையில் செய்த உருண்டையின் தாள் மாலையிலும் மொறுமொறுப்பு குறையாமல் இருக்கிறது. செவன்-இலெவன் ஜப்பான் இந்த உறையோடு ஒனிகிரியை விற்கத் தொடங்கியது 1978இல். வீட்டில் அம்மா பிடித்துத் தருவதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று நிறுவனத்துக்குள்ளேயே எதிர்ப்பு இருந்ததாம்.

உறையின் சாமர்த்தியம் கண்ணுக்குத் தெரிகிறது. உருண்டை கடைக்கு வந்து சேர்ந்த வழி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதுதான் எனக்கு இன்னும் பெரிய ஆச்சரியம்.

கொன்பினி என்று ஜப்பானியர் அழைக்கும் இந்தக் கடை மிகச் சிறியது. விற்பனைத் தளம் சுமார் 1,000 சதுர அடி. நம் ஊரில் இரண்டு படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் அளவு. அதற்குள் ஏறத்தாழ 3,000 வகைப் பொருள்கள். பின்னால் பெரிய கிடங்கு கிடையாது. அலமாரியில் இருப்பதுதான் கிட்டத்தட்ட மொத்தச் சரக்கு. பெரும்பாலான கடைகள் இரவு பகலாகத் திறந்தே இருக்கின்றன. கிடங்கும் இல்லாமல், கெட்டுப்போகும் உணவை நம்பி, 24 மணி நேரம் எப்படிக் கடை நடத்துவது?

1974 மே மாதம் தோக்கியோவின் தொயோசு பகுதியில் செவன்-இலெவனின் முதல் கடை திறந்தபோது, இதற்கு விடை இல்லை. ஒவ்வொரு தயாரிப்பாளரும் மொத்த வியாபாரியும் தன் சரக்கைத் தன் வண்டியில் அனுப்பினார்கள். ஒரு கடைக்கு நாளொன்றுக்கு சுமார் 70 வண்டிகள். காலை 7 மணி முதல் இரவு 11 வரை கடை திறந்திருந்தது என்று வைத்துக்கொண்டால், 14 நிமிடத்துக்கு ஒரு வண்டி வாசலில் வந்து நிற்கிறது. கடைக்காரர் சரக்கு இறக்குவாரா, வியாபாரம் பார்ப்பாரா?

நிறுவனத்தை வழிநடத்திய தொஷிஃபூமி சுசுகியும் அவருடைய குழுவும் போட்டியாளர்களிடமே ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஒருவருக்கொருவர் பகைமை பாராட்டும் பால் நிறுவனங்கள் தங்கள் பாலை ஒரே வண்டியில் சேர்த்து அனுப்ப வேண்டும். இன்றுகூடச் சொல்லவே துணிச்சல் வேண்டும் இப்படி ஒரு யோசனையை. 1980இல் அது நடந்தது. கூட்டு விநியோகம் என்ற இந்த முறை, அதாவது பல நிறுவனங்களின் சரக்கை ஓர் இடத்தில் குவித்து, கடைவாரியாகப் பிரித்து ஒரே வண்டியில் ஏற்றுவது, மெல்ல எல்லாப் பொருள்களுக்கும் பரவியது. 70 வண்டிகள் 1990இல் 12 ஆகி, பிறகு 9 ஆயின. இன்று ஜப்பானில் இந்த நிறுவனத்துக்கு 21,000க்கும் மேற்பட்ட கடைகள் இருக்கின்றன. பழைய வழக்கமே நீடித்திருந்தால், நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 லட்சம் முறை ஏதோவொரு வண்டி ஏதோவொரு வாசலில் நின்றிருக்கும்.

வண்டிகளைப் பிரித்த விதம் இன்னும் அழகு. பால் ஒரு வண்டி, பிஸ்கட் ஒரு வண்டி என்று பொருளின் வகையைப் பார்த்துப் பிரிக்காமல், வெப்பநிலையைப் பார்த்துப் பிரித்தார்கள். ஐஸ்க்ரீமும் உறைந்த உணவும் மைனஸ் 20 டிகிரி வண்டியில். பால், சாலட் வகைகள் 5 டிகிரியில். பானங்களும் நூடுல்ஸும் சாதாரண வண்டியில். நான்காவது வண்டிக்குள் எப்போதும் 20 டிகிரி. பெரிதும் சோற்றுக்காகவே ஓடுகிறது அது.

சோற்றுக்கு ஏன் தனி வண்டி? மிஞ்சிய சோற்றை ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுத்தவர்களுக்கு விடை தெரியும்: விறைத்துப்போய் உதிரும். வேகும்போது நீரை உறிஞ்சிக் குழைந்த மாவுச்சத்து, ஆறியதும் நீரை விட்டுவிட்டு மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொண்டு இறுகுகிறது. மாவுச்சத்து மீளிறுக்கம் எனலாம் இதை. உறைநிலைக்குச் சற்று மேலே, ஃப்ரிட்ஜின் குளிரில்தான் இது மிக வேகமாக நடக்கும். அதற்காக வெயிலில் விடவும் முடியாது, கிருமி பெருகும். சோறு இறுகாமலும் கெடாமலும் தாக்குப்பிடிக்கும் குறுகிய இடைவெளி 20 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாக்குப்பிடிக்கும் நேரமும் குறைவு. ஆகவே சோற்று வண்டி ஒரே நாளில் பலமுறை வரும்: காலை உணவு, மதிய உணவு, இரவு உணவு என்று மனிதர்களின் பசியை முந்திக்கொண்டு.

இப்படி ஓடி ஓடிக் கொடுக்க, கடைகள் ஒன்றுக்கொன்று பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் நாடு முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறக்காமல், ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு அதை அடர்த்தியாக நிரப்பிய பிறகே அடுத்த வட்டாரத்துக்கு நகர்ந்தார்கள். வட்டாரச் செறிவு எனலாம் இந்த உத்தியை. அதற்குத் தேவைப்பட்ட பொறுமையை நினைத்துப் பாருங்கள்: ஷிகோக்கு தீவில் முதல் கடை திறந்தது 2013இல். ஜப்பானின் 47 மாகாணங்களில் கடைசியாக ஒக்கினாவாவுக்குப் போனது 2019 ஜூலையில், முதல் கடைக்கு 45 ஆண்டுகள் கழித்து. கடலைத் தாண்டிச் சோற்றை அனுப்ப முடியாதென்பதால், அங்கே உணவுத் தொழிற்சாலையை ஆயத்தப்படுத்திக்கொண்டு, ஒரே நாளில் 14 கடைகளைத் திறந்தார்கள்.

சரி, எந்தக் கடைக்கு எத்தனை உருண்டை? 1982இல் கடைகளுக்குப் பாயின்ட் ஆஃப் சேல் இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொரு பொருளும் எந்த நேரத்தில் விற்றது என்று பதிந்துவைக்கும் கல்லாப்பெட்டி இது. அமெரிக்காவில் காசாளர் செய்யும் பிழைகளைத் தடுக்கவே பெரிதும் பயன்பட்ட கருவி, இங்கே பசியின் நாட்குறிப்பானது. நீண்டகாலம் அதில் வேறு சில பொத்தான்களும் இருந்தன. வாங்குபவர் ஆணா பெண்ணா, வயது எவ்வளவு இருக்கும் என்று காசாளரே முகம் பார்த்துக் கணித்து அழுத்த வேண்டும்.

ஆனால் ஆர்டர் போடும் வேலையை இயந்திரத்திடம் முழுவதுமாக ஒப்படைக்கவில்லை. நேற்று எது விற்றது என்பதைத்தான் இயந்திரம் சொல்லும். நாளை ஊரில் பள்ளி விளையாட்டு விழா என்பது கடைப் பணியாளருக்குத்தான் தெரியும். தான்பின் கன்ரி, அதாவது ஒற்றைப் பொருள் மேலாண்மை, என்பது இதுதான்: ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் ஊகம் செய், அதன்படி ஆர்டர் போடு, விற்பனையைப் பார்த்து ஊகத்தைச் சோதி. மீன்பிடிக்கப் போகிறவர்கள் கடக்கும் சாலையோரக் கடையைச் சுசுகி உதாரணம் காட்டுவார். நாளை விடுமுறை, வானமும் தெளிவு என்றால், வெயிலில் எளிதில் கெடாத ஊமே பழ உருண்டையைக் கூடுதலாக வரவழைக்க வேண்டும். பகுதிநேர வேலைக்கு வரும் கல்லூரி மாணவரும் இந்த ஊகத்தைச் செய்கிறார். அறிவியல் ஆய்வுமுறையைச் சோற்றுருண்டைக்குப் பழக்கிய இந்த இடம்தான், என்னைக் கேட்டால், மொத்த அமைப்பின் உச்சம்.

ஊகம் தப்பினால் உணவு குப்பைக்குப் போகும். அந்த நஷ்டத்தின் பெரும்பங்கு நெடுங்காலம் உரிமம் பெற்றுக் கடை நடத்துபவரின் தலையில்தான் விழுந்தது. காலாவதி நெருங்கும் உணவை விலை குறைத்து விற்கக் கடைக்காரர்களைத் தலைமையகம் தடுத்தது தவறு என்று, 2009இல் ஜப்பானின் நியாய வணிக ஆணையம் உத்தரவிட்டது. அதன்பின் வீணாகும் சரக்கின் அடக்கவிலையில் 15 சதவீதத்தை நிறுவனம் ஏற்றது. இவ்வளவு நுட்பமான சங்கிலியில் சுமை மட்டும் கடைசிக் கண்ணியில் போய்த் தேங்கியது நியாயமில்லை.

இப்போது நெருக்கடி ஓட்டுநர் இருக்கையில். 2024 ஏப்ரல் முதல் ஜப்பானிய லாரி ஓட்டுநர்களின் மிகைநேர வேலைக்கு ஆண்டுக்கு 960 மணி நேரம் என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. ஓட்டுநர்களுக்கு இது வெகுநாள் முன்பே கிடைத்திருக்க வேண்டிய ஓய்வு. ஆனால் நாளுக்குப் பலமுறை ஓடும் வண்டிகளை நம்பிய கடைகள் எல்லாக் கணக்கையும் மறுபடி போட வேண்டியிருக்கிறது. சோற்று வண்டியின் நடைகளைக் குறைக்கிறார்கள். உணவு இன்னும் சில மணி நேரம் தாங்குவதற்குப் புதிய பொதிமுறைகளைத் தேடுகிறார்கள். அதே 2024 ஏப்ரலில் லாசன், ஃபேமிலிமார்ட் என்ற இரு போட்டி நிறுவனங்கள், வடகிழக்கு ஜப்பானின் மியாகிக்கும் அகிதாவுக்கும் இடையே தங்கள் ஐஸ்க்ரீமையும் உறைந்த உணவையும் ஒரே லாரியில் ஏற்றி அனுப்பத் தொடங்கின.