ரோரி காலகர்

ரோரி காலகர் (மார்ச் 2, 1948 – ஜூன் 14, 1995) அயர்லாந்தைச் சேர்ந்த புளூஸ், ராக் கிதார் கலைஞரும் பாடகரும் பாடலாசிரியரும் ஆவார். இவரது முழுப்பெயர் வில்லியம் ரோரி காலகர். 1960களின் பிற்பகுதியில் டேஸ்ட் என்னும் மூவர் இசைக்குழுவின் மூலம் அறியப்பட்ட இவர், 1971 முதல் தம் சொந்தப் பெயரில் இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பின் ஏற்பட்ட நோய்த்தொற்றினால் தமது 47ஆம் வயதில் காலமானார். வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் வெற்றிப்பாடல் என்று ஒன்றைக்கூடக் குறிப்பிட இயலாத ஒரு கலைஞருக்கு மூன்று நகரங்களில் நினைவுச் சிலைகளும், ஒரு நூலகமும், பிரான்சில் ஒரு தெருவும், ஆண்டுதோறும் நடக்கும் ஒரு விழாவும் இருப்பது வியப்புக்குரியது. இவற்றுள் பல ரசிகர்களின் முயற்சியால் உருவானவை.

இளமைக் காலம்

காலகர் அயர்லாந்தின் வடமேற்கில் டொனிகோல் மாவட்டத்தில் உள்ள பாலிஷானன் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூரின் வழியே ஓடும் ஏர்ன் ஆற்றில் நீர்மின் நிலையம் கட்டும் பணியில் இவரது தந்தை டேனியல் ஈடுபட்டிருந்தார். தாய் மோனிகா பாடுவதிலும் நாடகங்களில் நடிப்பதிலும் ஆர்வம் உடையவர். தம்பி டோனல் பிற்காலத்தில் இவரது மேலாளராக இருந்தார். குடும்பம் முதலில் டெரி நகருக்கும், 1956இல் தென்பகுதியிலுள்ள கோர்க் நகருக்கும் குடிபெயர்ந்தது.

அக்காலத்தில் அயர்லாந்தில் புளூஸ் இசைத்தட்டுகள் கிடைப்பது அரிது. ஐரோப்பாவில் இருந்த அமெரிக்கப் படையினருக்காக நடத்தப்பட்ட வானொலியை இரவு நேரங்களில் கேட்டே இவர் அவ்விசையை அறிந்துகொண்டார். பிரித்தானியப் பாடகர் லோனி டோனிகன் பாடிய பாடல்களின் மூலத்தைத் தேடிச் சென்றபோது லெட் பெல்லி, உட்டி கத்ரி ஆகியோரைக் கண்டடைந்தார். ஒன்பது வயதில் முதல் கிதார் கிடைத்தது. கற்றுக்கொடுக்க ஆசிரியர் எவரும் இல்லை.

புளூஸ் என்பது 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின மக்களிடையே உருவான இசைவடிவம். பன்னிரண்டு தாள அளவுகளும் மூன்று முதன்மைச் சுரக்கூட்டுகளும் கொண்ட ஒரு சட்டகம் இதில் பெரிதும் வழங்குகிறது. பாடகர் ஓர் அடியைப் பாட, கிதார் அதற்கு மறுமொழி கூறும். சட்டகம் எளியதாகையால், அதற்குள் ஒருவர் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டே அவரை மதிப்பிட வேண்டும். காலகரைக் கேட்கும்போது இதை நினைவில் கொள்வது நல்லது.

ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார்

1963ஆம் ஆண்டு, பதினைந்து வயதில், கோர்க் நகரின் குரோலி இசைக்கருவிக் கடையில் 1961இல் தயாரிக்கப்பட்ட பெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிதார் ஒன்றைக் காலகர் தவணை முறையில் வாங்கினார். விலை ஏறக்குறைய 100 பவுண்டு. ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கு அது பெருந்தொகை. தாளத்துக்கு ஒன்று, தனியிசைக்கு ஒன்று என இரு கிதார் கலைஞர்கள் செய்யும் வேலையை இந்த ஒரு கருவியைக் கொண்டு தாம் ஒருவரே செய்துவிடலாம், அதனால் வருமானமும் கூடும் என்று தாயாரைச் சமாதானப்படுத்தியதாகக் கூறப்படுகிறது. இக்கருவியின் முந்தைய உரிமையாளர் சிவப்பு நிறக் கிதாருக்குச் சொல்லியிருந்தார் என்றும், வேறு நிறத்தில் வந்துவிட்டதால் பின்னர் அதை விட்டுக்கொடுத்தார் என்றும் தெரிகிறது. அயர்லாந்துக்கு வந்த முதல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் இதுவே எனப் பரவலாக நம்பப்படுகிறது.

1960களில் டப்ளின் நகரில் இது திருடப்பட்டது. காவல்துறையின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அறிவிப்பு வெளியான பின்னர் ஒரு சாக்கடைப் பள்ளத்தில் மழையில் நனைந்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. அதன் பின்னர் இதைப் பிரிவதில்லை என்று காலகர் முடிவு செய்தார். இதன் வண்ணப்பூச்சு ஏறத்தாழ முழுவதும் உதிர்ந்து மரம் வெளியே தெரியும். இவரது வியர்வையின் அமிலத்தன்மையே காரணம் என்பது ரசிகர்களிடையே வழங்கும் விளக்கம். மழையில் கிடந்ததும், முப்பது ஆண்டுக் காலம் ஏறக்குறைய நாள்தோறும் வாசிக்கப்பட்டதும் காரணங்களாக இருந்திருக்கலாம். பூச்சை மீண்டும் பூசிக்கொள்ள இவர் விரும்பவில்லை. 1997இல் பெண்டர் நிறுவனம் இதே தேய்மானத்துடன் நகல் கிதார்களைத் தயாரித்து விற்கத் தொடங்கியது.

டேஸ்ட்

அக்கால அயர்லாந்தின் நடன அரங்குகளில் ஷோபேண்டு எனப்படும் குழுக்கள் செல்வாக்குடன் இருந்தன. ஒரே மாதிரி உடையணிந்து, அன்றைய புகழ்பெற்ற பாடல்களை அப்படியே வாசிப்பது அவற்றின் தொழில். பள்ளிப் பருவத்திலேயே காலகர் பொன்டானா என்ற ஷோபேண்டில் சேர்ந்தார். மேடைப் பழக்கம் அங்குதான் கிடைத்தது எனினும், சொந்தமாக இசைக்க அங்கு இடமில்லை.

1966இல் கோர்க்கில் டேஸ்ட் குழுவைத் தொடங்கினார். 1968இல் குழு இலண்டனுக்குச் சென்றது. அதே ஆண்டு கிரீம் குழு ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் நடத்திய இறுதி நிகழ்ச்சியில் டேஸ்ட் துணைக்குழுவாக வாசித்தது. டேஸ்ட் (1969), ஆன் த போர்ட்ஸ் (1970) என இரு இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. இரண்டாவதில் காலகர் சாக்சபோனும் வாசித்திருக்கிறார். 1970இல் வைட் தீவு விழாவில் பெரும் கூட்டத்தின் முன் வாசித்துப் பாராட்டுப் பெற்ற இக்குழு, உட்பூசல்களால் அவ்வாண்டு இறுதியிலேயே கலைந்தது.

இக்காலத்தில் இவருக்கு ஓர் இளம் ரசிகர் இருந்தார். இலண்டன் மார்க்கீ அரங்கில் நிகழ்ச்சி முடிந்த பின் காலகரை அணுகி, இந்த ஒலியை எவ்வாறு உருவாக்குகிறீர்கள் என்று அவர் கேட்டார். காலகர் எதையும் மறைக்காமல் தாம் பயன்படுத்தும் வாக்ஸ் ஏசி30 ஒலிபெருக்கியையும், அதனுடன் இணைக்கும் சிறிய ரேஞ்ச்மாஸ்டர் பெட்டியையும் காட்டினார். அந்த இளைஞர், பின்னாளில் குயின் குழுவின் கிதார் கலைஞராகப் புகழ்பெற்ற பிரையன் மே. தமது ஒலி அங்கிருந்து பெற்றது என்பதை அவர் பலமுறை கூறியுள்ளார்.

தனி இசைப்பணி

1971 முதல் 1990 வரை காலகர் தம் பெயரில் பதினான்கு இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். அடித்தொனிக் கிதார் கலைஞர் ஜெரி மக்கவாய் இருபது ஆண்டுகள் இவருடன் வாசித்தார். டட்டூ (1973), காலிங் கார்ட் (1976) ஆகியவை குறிப்பிடத்தக்கவை. ஆயினும் இவரது ஆற்றலை அறிய விரும்புவோர் நேரடி நிகழ்ச்சிப் பதிவான ஐரிஷ் டூர் '74 என்பதிலிருந்து தொடங்கலாம். பெல்பாஸ்ட், டப்ளின், கோர்க் நகரங்களில் பதிவான அது, கலைக்கூடப் பதிவுகளைவிட உயிர்ப்புள்ளது.

அப்பயணத்தில் பெல்பாஸ்ட் இடம்பெற்றது சாதாரணச் செய்தியன்று. வட அயர்லாந்தில் குண்டுவெடிப்புகளும் கொலைகளும் தொடர்ந்த காலம் அது. பல வெளிநாட்டுக் கலைஞர்கள் அந்நகரைத் தவிர்த்தனர். 1975இல் மயாமி ஷோபேண்டைச் சேர்ந்த மூவர் நிகழ்ச்சி முடிந்து திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டனர். காலகர் கலவர ஆண்டுகளிலும் பெல்பாஸ்டின் அல்ஸ்டர் மண்டபத்தில் வாசிப்பதைக் கைவிடவில்லை. சமயத்தால் பிரிந்திருந்த இளைஞர்கள் அங்கு அருகருகே நின்று கேட்டனர். அந்நகர மக்கள் இவர்மீது வைத்துள்ள பற்றுக்கு இதுவே காரணம்.

வழுக்கு முறை வாசிப்பில் இவர் தேர்ந்தவர். விரலில் கண்ணாடி அல்லது உலோகக் குழாயை அணிந்து தந்தியின்மேல் நகர்த்துவது இம்முறை. இதனால் சுரங்கள் ஒன்றோடொன்று இழைந்து, நம் இசையின் கமகத்தை நினைவூட்டும் வகையில் ஒலிக்கும். மாண்டலின், ஹார்மோனிகா ஆகியவற்றையும் மேடையில் வாசித்தார். கட்டம் போட்ட பருத்திச் சட்டையும் ஜீன்ஸ் கால்சட்டையுமே இவரது மேடை உடை.

மெலடி மேக்கர் இதழின் வாசகர்கள் 1970களின் தொடக்கத்தில் எரிக் கிளாப்டனையும் விஞ்சி இவரைத் தேர்ந்தெடுத்தனர். மடி வாட்டர்ஸ் இலண்டனில் செய்த பதிவுகளில் இவர் வாசித்தார். 1975இல் மிக் டெய்லர் விலகிய பின் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு இவரை ராட்டர்டாமுக்கு அழைத்தது. சில நாட்கள் அவர்களுடன் வாசித்துவிட்டு, ஏற்கனவே ஒப்புக்கொண்ட ஜப்பான் பயணத்துக்காகப் புறப்பட்டுவிட்டார். பாடல்களைச் சுருக்கித் தனிப்பாடல் இசைத்தட்டாக வெளியிடவும் இவர் இசையவில்லை. 1978இல் சான் பிரான்சிஸ்கோவில் முடித்த ஒரு முழு இசைத்தொகுப்பையே மனநிறைவில்லாமல் ஒதுக்கிவைத்தார். அது இவர் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பின் 2011இல் வெளிவந்தது.

உலகின் சிறந்த கிதார் கலைஞராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஜிமி ஹென்றிக்சிடம் கேட்டபோது, ரோரி காலகரிடம் கேளுங்கள் என்று அவர் விடையளித்ததாக ஒரு கதை உண்டு. இதற்கு ஒலிப்பதிவோ அச்சுச் சான்றோ காட்டப்பட்டதில்லை. இதே கதை வேறு கலைஞர்களின் பெயரோடும் வழங்குகிறது.

இறுதிக் காலம்

காலகர் கூச்ச இயல்பினர். திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆண்டின் பெரும்பகுதி பயணத்திலேயே கழிந்தது. ஆனால் விமானப் பயணம் இவருக்கு அச்சம் தந்தது. அதற்கென மருத்துவர்கள் அளித்த அமைதியூட்டும் மருந்துகளும் மதுப்பழக்கமும் சேர்ந்து கல்லீரலைச் சிதைத்தன. 1980களின் இறுதியில் உடல் பருத்து, முகம் வீங்கிய நிலையிலும் மேடையேறினார். 1995 ஜனவரியில் நெதர்லாந்தில் வாசித்ததே கடைசி நிகழ்ச்சி. பின்னர் இலண்டனில் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. சிகிச்சை வெற்றி பெற்று, உடல் தேறிவந்த வேளையில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத பாக்டீரியத் தொற்று ஏற்பட்டது. ஜூன் 14 அன்று உயிர் பிரிந்தது. கோர்க் நகரில் இறுதி ஊர்வலம் சென்ற தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அருகிலுள்ள பாலின்காலிக்கில் அடக்கம் செய்யப்பட்டார். 1972இல் பெற்ற கிதார் கலைஞர் விருதின் வடிவில் கல்லறைக்கல் அமைக்கப்பட்டுள்ளது.

ரசிகர்களும் நினைவுச்சின்னங்களும்

பாரிசுக்கு அருகிலுள்ள ரிஸ்-ஒரான்ஜிஸ் நகரில் ஒரு தெரு இவர் பெயரைத் தாங்குகிறது. 1997இல் கோர்க்கின் ஒரு சதுக்கம் இவர் பெயரால் வழங்கப்பட்டு, அங்கு இவரது இளமைக்காலத் தோழி ஜெரால்டின் கிரீடன் வடித்த சிற்பம் நிறுவப்பட்டது. கிதாரின் உருவிலிருந்து பாடல் வரிகள் நீரோட்டம்போல வழிவதாக அமைந்த சிற்பம் அது. 2002இல் அயர்லாந்து அஞ்சல்துறை தபால்தலையும், 2018இல் அந்நாட்டு மத்திய வங்கி 15 யூரோ வெள்ளி நாணயமும் வெளியிட்டன. கோர்க் நகர நூலகத்தின் இசைப்பிரிவு இவர் பெயரில் இயங்குகிறது. டப்ளினில் 2006 முதல் இவர் பெயரில் ஒரு தெருமுனை உள்ளது. அங்கே சுவரில் இவரது கிதாரின் வெண்கல வடிவம் பொருத்தப்பட்டிருக்கிறது.

பிறந்த ஊரான பாலிஷானனில் ஆண்டுதோறும் மே இறுதி அல்லது ஜூன் தொடக்கத்தில் நினைவு விழா நடைபெறுகிறது. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் அவ்வூரில் விழா நாட்களில் கட்டம் போட்ட சட்டைகளையே எங்கும் காணலாம். பல நாடுகளிலிருந்து இவரது பாடல்களை மட்டுமே வாசிக்கும் குழுக்கள் வருகின்றன. இவரை நேரில் கேட்டவர்கள் முதுமையடைந்துவிட்டனர். இவர் இறந்த பின் பிறந்தவர்களும் இப்போது கிதாருடன் வருகின்றனர். 2010இல் ஊரின் நடுவே வெண்கலச் சிலை நிறுவப்பட்டது. ரசிகர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டதன் பயனாக 2025 ஜனவரி 4 அன்று பெல்பாஸ்டின் அல்ஸ்டர் மண்டபத்துக்கு வெளியிலும் ஒரு சிலை திறக்கப்பட்டது.

2024இல் ரசிகர்களைக் கலங்கச் செய்த செய்தி ஒன்று வந்தது. அண்ணனின் இசைக்கருவிகளை ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் பாதுகாத்து வந்த டோனல், அவற்றை ஏலத்தில் விற்க முடிவு செய்தார். ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அவற்றுள் ஒன்று. செல்வந்தர் எவரேனும் வாங்கினால் அது பொதுமக்கள் கண்ணில் படாமல் மறைந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. அரசு அதை வாங்க வேண்டும் எனக் கோரிக்கைகள் எழுந்தன. ரசிகர்கள் நிதியும் திரட்டினர். அக்டோபர் 17 அன்று இலண்டன் போனம்ஸ் ஏலத்தில் கட்டணம் உட்பட 8,89,400 பவுண்டுக்கு அது விலைபோனது. வாங்கிய லைவ் நேஷன் கெயிட்டி என்னும் இசைநிகழ்ச்சி நிறுவனம், கிதாரை அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு அளிப்பதாக அறிவித்தது. ஏறக்குறைய 100 பவுண்டுக்குத் தவணையில் வாங்கப்பட்ட அக்கருவி இவ்வாறு அந்நாட்டின் பொதுச்சொத்தாயிற்று.